மிரண்ட பூனைக்குட்டியைப் பழக்குவது எப்படி? முதன்முறையாகத் தற்காலிகமாக வளர்ப்பவர்களுக்கு

கூண்டின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, காதுகளைத் தலையோடு மடக்கிக்கொண்டு ஒரு குட்டி உங்களைப் பார்த்துச் சீறுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. ஆனால் அந்தச் சீறலைக் கேட்டதும் உங்கள் கை தானாகப் பின்வாங்குகிறது. "இது பழகவே பழகாது போலிருக்கே" என்று மனசு சொல்கிறது. முதல் நாள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. பெரும்பாலான குட்டிகள் பழகிவிடும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எதையெல்லாம் செய்யவே கூடாது என்பதை, இதுவரை இப்படிப்பட்ட குட்டிகளை வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அது கோபம் இல்லை, பயம்

மனிதர்களை அண்டாத தாய்ப்பூனை ஒன்று யாருக்கும் தெரியாத இடத்தில் குட்டி போடுகிறது. ஆள் சத்தம் கேட்டாலே பதுங்க வேண்டும் என்று குட்டிகளுக்குப் பழக்குகிறது. அந்தக் குட்டி மனிதக் கையைப் பார்த்ததே இல்லை. அதன் கணக்கில் நாம் மிகப் பெரிய ஒரு விலங்கு, அவ்வளவுதான். ஓட வழியிருந்தால் ஓடும். வழியில்லாவிட்டால் சீறும், துப்புவதுபோல் சத்தம் எழுப்பும், முன்னங்காலால் அறையும். 'கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது' என்பதுதான் அதற்கு அர்த்தம். இதை மனசில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சீறும் குட்டியை அதட்டுவதும், மூக்கில் தட்டுவதும், 'யார் பெரியவர்' என்று காட்டுவதும் அதன் பயத்தை உறுதிப்படுத்துவதைத் தவிர வேறெதையும் செய்யாது.

பூனைக்குட்டி புதிய உறவுகளை எளிதாக ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய 2 வாரத்திலிருந்து 7 வாரம் வரை. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்ற ஆய்வாளர் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார். 3 வாரத்திலேயே மனிதக் கை பட்ட குட்டிகள், 7 வாரத்துக்குப் பிறகு கை பட்டவற்றைவிட மனிதர்களிடம் நெருக்கமாக இருந்தன. அதற்காக 7 வாரம் தாண்டிவிட்டால் கதவு பட்டென்று மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். மெல்ல மெல்லச் சாத்தப்படும் கதவு அது. நாள் ஆக ஆக நம் உழைப்பு கூடும்.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே ஒன்று மூன்றாம் நாள் மடியில் ஏறும், இன்னொன்று மூன்றாம் வாரத்திலும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். உங்கள் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். துணிச்சல் தகப்பன் வழியாகவும் வருகிறது என்று 1995இல் வெளியான சாண்ட்ரா மெக்யூனின் ஆய்வு காட்டியது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருப்பதும் பூனைகளில் சகஜம்.

முதலில் வயதைக் கணியுங்கள்

எத்தனை நாள் பிடிக்கும் என்பது வயதைப் பொறுத்தது. வாயை லேசாகத் திறந்து பார்க்க முடிந்தால் பல் சொல்லிவிடும். முன்பற்கள் 2 முதல் 3 வாரத்தில் எட்டிப்பார்க்கும். கோரைப்பற்கள் 3 முதல் 4 வாரத்தில். பக்கவாட்டுப் பற்கள் 4 முதல் 6 வாரத்தில். பாற்பல் விழுந்து முன்பற்கள் பெரிதாக முளைக்கின்றன என்றால் மூன்றரை, நான்கு மாதம் ஆகிவிட்டது. குட்டியைத் தொடவே முடியவில்லையா, கண்ணைப் பாருங்கள். எல்லாக் குட்டிகளுக்கும் முதலில் நீலக் கண்தான். 6, 7 வார வாக்கில் நிறம் மாறத் தொடங்கும். எடையும் துணை செய்யும். நல்ல ஊட்டத்தில் இருக்கும் குட்டி மாதத்துக்குச் சுமார் 450 கிராம் கூடும். 2 மாதக் குட்டி 900 கிராம் வாக்கில் இருக்கும். தெருவில் பசியோடு வளர்ந்தது கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

என் கணக்கு இது: 4, 5 வாரக் குட்டி சில நாட்களில் பழகும். 8 வாரக் குட்டிக்கு ஒன்று முதல் மூன்று வாரம். 3 மாதம் என்றால் ஒரு மாதமோ அதற்கு மேலோ ஒதுக்க வேண்டும். 4 மாதத்தைத் தாண்டி, மனிதர்களை அறியாமலேயே வளர்ந்த குட்டி என்றால் நன்றாக யோசியுங்கள். மாதக்கணக்கில் அறைக்குள் அடைத்துவைத்து, கடைசியில் அரைகுறையாகப் பழகி, வாழ்நாளெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து வாழும் பூனையாக அதை ஆக்குவது அதற்குச் செய்யும் நன்மை இல்லை. அப்படிப்பட்டதற்குக் கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் செய்து, அது வாழ்ந்த இடத்திலேயே திரும்ப விட்டு, வேளாவேளைக்கு யாராவது சாப்பாடு வைக்க ஏற்பாடு செய்வதுதான் மரியாதையான வழி.

தாய் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பால் குடிக்கும் குட்டியை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். தாயையும் சேர்த்துக் கொண்டுவர முடிந்தால் நல்லது. குட்டிகள் தாமாகத் திட உணவு சாப்பிடத் தொடங்கும் 5, 6 வாரத்தில் தாயைத் தனியாக்கிக் கருத்தடைக்கு அனுப்பலாம். அதற்கு மேல் கூடவே வைத்திருந்தால், நாம் பகலில் கற்றுக்கொடுப்பதைத் தாயின் ஒரு சீறல் இரவில் அழித்துவிடும்.

மருத்துவரும் தனிமையும்

வீட்டில் வேறு பூனை இருந்தால் புதுக்குட்டியை குறைந்தது 2 வாரம் அதன் கண்ணிலேயே காட்டாதீர்கள். தனி அறை, தனித் தட்டு, தனி மணல் பெட்டி. குட்டியைத் தொட்ட பின் கை கழுவி உடை மாற்றுங்கள். பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோய் குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கு அது சாகாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசிக் காயவைக்க வேண்டும். பீனால் கலந்த தரைத் திரவங்களைப் பூனை இருக்கும் இடத்தில் பயன்படுத்தவே கூடாது, அவை பூனைக்கு நஞ்சு.

முதல் ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து, 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து மிச்சம் இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வலிப்பு வந்து செத்துப்போகும். மிகச் சின்னக் குட்டிக்குப் பேன் சீப்பே போதும். வாரி எடுத்த பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பதும் உயிருக்கு ஆபத்து.

அறை சின்னதாக இருக்கட்டும்

பெரிய அறையில் சுதந்திரமாக இருக்கட்டும் என்று நினைப்பது நல்ல மனசுதான். ஆனால் பயந்த குட்டிக்குப் பெரிய அறை என்பது பத்துப் பதுங்குமிடம். கட்டிலுக்கு அடியில் போனால் வெளியே இழுக்க வேண்டிவரும். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு வாரப் பழக்கம் போய்விடும். குளியலறை மாதிரிச் சின்ன இடம் அல்லது நீங்கள் நின்றால் இடுப்பு உயரம் வரும் பெரிய கூண்டு போதும். கூண்டைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்தால், நாம் மேலிருந்து குனிவதற்குப் பதில் அதன் கண்மட்டத்தில் இருப்போம். மூன்று பக்கமும் துணியால் மூடி, ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

ஒளிய ஓர் இடம் கட்டாயம் வேண்டும். அதைப் பறித்துவிட்டால் குட்டி சாப்பிடக்கூடச் செய்யாது. ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டினால் போதும், ஆனால் உங்கள் கை உள்ளே எட்ட வேண்டும். பழைய துணியில் நீங்கள் ஒரு நாள் உடுத்தியது ஒன்றை உள்ளே விரித்துவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்திலும் உங்கள் வாசனையோடு அது தூங்கிப் பழகும்.

மணல் பெட்டி தாழ்வான விளிம்போடு இருக்கட்டும். சின்னக் குட்டிகள் மணலை வாயில் போட்டுப் பார்க்கும் என்பதால் ஈரம் பட்டால் கட்டியாகும் மணல் வேண்டாம். வெளியில் வளர்ந்த குட்டி முதலில் குழம்பினால், மேலே ஒரு கை மண்ணைத் தூவுங்கள், புரிந்துகொள்ளும்.

முதல் 2 நாள்: சும்மா இருங்கள்

இதுதான் புதியவர்களுக்குக் கஷ்டமான கட்டம். மருத்துவரிடம் காட்டும் நேரம் தவிர, தொடவோ, பேர் சொல்லிக் கூப்பிடவோ, எட்டிப் பார்க்கவோ வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை உள்ளே போய்த் தரையில் உட்காருங்கள். முகத்துக்கு நேராக உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஏதாவது புத்தகத்தைத் தணிந்த குரலில் வாசியுங்கள். என்ன வாசிக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை. ஏற்ற இறக்கம் இல்லாத மனிதக் குரல் ஆபத்தானது அல்ல என்பதை அது கற்றுக்கொள்கிறது. 15, 20 நிமிடம் கழித்து மெதுவாக எழுந்து போய்விடுங்கள்.

கண்ணோடு கண் பார்த்துக்கொண்டே இருப்பது பூனை உலகில் மிரட்டல். தற்செயலாகப் பார்வை சந்தித்தால், இமைகளை மெதுவாக மூடித் திறந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மனிதர்கள் இப்படி மெல்ல இமைத்தால் பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கி இமைக்கின்றன, அந்த மனிதரை நெருங்கவும் அதிகம் விரும்புகின்றன என்று 2020இல் இங்கிலாந்தில் சஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். நான் அதற்கு முன்பிருந்தே இதைச் செய்துவந்தேன். பலன் கைமேல் தெரியும்.

சாண் கணக்கு

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. குட்டிக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தைச் சாப்பாட்டால் குறைப்பது. நான் இதைச் சாணால் அளப்பேன். கையை விரித்து வைத்தால் தெரிந்துவிடும், டேப் தேவையில்லை.

மூன்றாம் நாள், வாசனை தூக்கலாக உள்ள ஈர உணவை ஒரு தட்டில் வையுங்கள். குட்டிகளுக்கென்றே விற்கும் ஈர உணவோ, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து எலும்பில்லாமல் மசித்த கோழியோ. வெங்காயம், பூண்டு துளியும் கூடாது. மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். லேசாகச் சூடுபடுத்தினால் வாசனை நன்றாகக் கிளம்பும். தட்டைப் பெட்டி வாசலில் வைத்துவிட்டு, நீங்கள் அறையின் எதிர் மூலையில், அதாவது எட்டுப் பத்துச் சாண் தள்ளி உட்காருங்கள். குட்டி வெளியே வந்து சாப்பிடும்வரை அசையாதீர்கள். நீங்கள் இருக்கும்போது சாப்பிட்டால், அடுத்த வேளை தட்டை உங்கள் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். சாப்பிடவில்லையா, பழைய இடத்துக்கே திரும்புங்கள். விதி இவ்வளவுதான்: தட்டு ஒரு வேளைக்கு ஒரு சாணுக்கு மேல் நகரக் கூடாது, குட்டி சம்மதிக்காமல் நகரவே கூடாது.

பட்டினி போட்டுப் பணியவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். குட்டிகளிடம் இது அபாயம். 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டி நாளைக்கு நான்கு வேளையாவது சாப்பிட்டாக வேண்டும். என் வழக்கம், ருசியான ஈர உணவு என் முன்னால் மட்டும் கிடைக்கும். சாதாரண உலர் உணவும் தண்ணீரும் எப்போதும் இருக்கும். அது உயிர் வாழ என்னை நம்பியே ஆக வேண்டும் என்ற நிலை வரவே கூடாது. ருசிக்காக மட்டும் என்னைத் தேடினால் போதும். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். தொட முடியாத நாட்களில் தராசின்மேல் ஒரு டப்பாவை வைத்து அதற்குள் தட்டை வைத்தால் குட்டி தானாக ஏறும். நாளைக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். எடை இறங்கினால் பழக்கும் வேலையை நிறுத்திவிட்டு, சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். அரை நாளுக்கு மேல் எதையுமே வாயில் வைக்கவில்லை என்றால் மருத்துவர்.

தட்டு உங்கள் காலருகே வந்ததும் கரண்டிக்கு மாறுங்கள். நீளமான மரக்கரண்டியின் நுனியில் உணவைத் தடவி நீட்டுங்கள். நேராக மூக்குக்குக் கொண்டுபோகாமல், முகத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். மிச்சத் தூரம் அதனுடையது. ஒவ்வொரு நாளும் கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டையாகப் பிடித்துக்கொண்டே வந்தால், ஒரு நாள் அதன் மீசை உங்கள் விரலில் படும். அதற்கப்புறம் விரல் முட்டியில் தடவிக் கொடுங்கள். விரல் நுனியில் கொடுத்தால் எது உணவு, எது விரல் என்று தெரியாமல் கடித்துவிடும்.

முதல் தொடுகை

தொடுவதற்கு முன் உடம்பைப் படிக்கத் தெரிய வேண்டும். கண்மணி முழுக் கறுப்பாக விரிந்திருக்கிறதா, காது பக்கவாட்டில் மடங்கியிருக்கிறதா, உடம்பு தரையோடு ஒட்டியிருக்கிறதா, அப்படியானால் இன்றைக்கு வேண்டாம். நம் முன்னால் உட்கார்ந்து தன்னை நக்கிச் சுத்தம் செய்கிறது, சோம்பல் முறிக்கிறது, வாலைக் கொம்பு மாதிரி நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது என்றால் சரி. ஒன்றில் கவனமாக இருங்கள்: சில குட்டிகள் பயத்தில் கல்லாய்ச் சமைந்துவிடும். கடிக்காது, சீறாது, அசையாது. பார்ப்பவர்கள் 'எவ்வளவு சாது' என்பார்கள். அது சாது இல்லை, உயிர் போய்விடும் என்று உறைந்து கிடக்கிறது. குறுகுறு சத்தத்தையும் தனியாக நம்பாதீர்கள், பயத்திலும் வலியிலும்கூடப் பூனை அப்படிக் குறுகுறுக்கும். முழு உடம்பும் சேர்ந்து சொல்வதுதான் செய்தி.

எனக்கு மிகவும் உதவிய கருவி ஒரு பல் துலக்கும் பிரஷ். மிருதுவான, புதிய பிரஷ். அதன் நார்கள் தாய்ப்பூனையின் சொரசொரப்பான நாக்கு மாதிரி இருக்கும். அதை ஒரு அடிக்கோலில் கட்டி நீளமாக்கிக்கொள்வேன்.

மிளகு என்று ஒரு சாம்பல் நிறக் குட்டி வந்தது. 8 வாரம் இருக்கும். ஆறு நாள் நான் கதவோரம் இருந்தால்தான் சாப்பிட்டான். ஏழாம் நாள் தட்டு இரண்டு சாணுக்கு வந்தது. அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிரஷை மெதுவாக நீட்டி இரு காதுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு தடவை இழுத்தேன். சாப்பிடுவது நின்றது. முதுகில் ஓர் அலை ஓடியது. நான் மூச்சுக்கூட விடவில்லை. திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தான். இரண்டாம் தடவை இழுத்தபோது தலையைப் பிரஷுக்குள் மேல்நோக்கி முட்டினான். பின்பக்கம் தானாக உயர்ந்தது, கண் பாதி மூடியது. இரண்டு விநாடிதான். என்ன செய்கிறோம் என்று திடீரென்று நினைவு வந்தவன் மாதிரிப் பெட்டிக்குள் பாய்ந்துவிட்டான். ஒரு நிமிடம் கழித்து வாசலில் மூக்கு மட்டும் தெரிந்தது. அன்றைக்கு அத்தோடு பிரஷை எடுத்து வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தினால்தான், அடுத்த முறை அது நம்மைத் தேடும்.

பிரஷுக்கு நிமிர்ந்து கொடுக்கும் குட்டிக்கு, பிரஷைப் பிடித்த கையின் விரல் முட்டியால் கன்னத்தைத் தொடுங்கள். கை பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக வரட்டும். மேலிருந்து இறங்கும் கை பருந்துக்குச் சமம். கன்னம், தாடை, காதுக்குப் பின், அப்புறம் தோள். முதுகின் முடிவும் வயிறும் வெகு நாள் கழித்து. தடவிவிட்டுக் கையை எடுத்துவிட்டு ஒரு நொடி காத்திருங்கள். கையைத் தேடித் தலையை நீட்டினால் தொடருங்கள், நீட்டாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மருந்து கொடுக்கவோ மருத்துவரிடம் போகவோ தூக்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு துண்டை மேலே போர்த்தி, முகம் மட்டும் தெரியச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பிடரியைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். தடித்த தோல் கையுறையும் எனக்குப் பிடிக்காது, அதைப் போட்டால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று நமக்கே தெரியாது. தானாக மடியில் ஏறிய பிறகு தூக்கிப் பழக்கும்போது, ஐந்து விநாடி தூக்கி, இறக்கி, ஒரு வாய் உணவு. பிறகு பத்து விநாடி. துள்ளுவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும்.

விளையாட்டு

தடவலுக்குப் பணியாத குட்டி விளையாட்டுக்குப் பணியும். ஒரு குச்சியின் நுனியில் இறகையோ துணித் துண்டையோ கட்டித் தரையில் இழுங்கள், பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை வரும். அதே இறகால் போகிற போக்கில் முதுகைத் தொடலாம். விளையாடி முடித்ததும் கயிறு, நூல் எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கள். விழுங்கினால் குடலைச் சுருட்டி அறுத்துவிடும். வெறும் விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டவே வேண்டாம்.

கூடப் பிறந்தவை

நான்கு குட்டிகளை ஒன்றாக வைத்திருந்தால் ஒன்றின் பயம் மற்றவற்றுக்கும் தொற்றும். ஒரு குட்டி சீறினால் நான்கும் ஓடும். முடிந்தால் இரண்டிரண்டாகப் பிரித்துவிடுங்கள். துணிச்சலான ஒன்றோடு பயந்த ஒன்று. துணிச்சலானது உங்கள் மடியில் உண்பதைப் பயந்தது தினமும் பார்க்கும். இரண்டுமே கோழைகள் என்றால் சில நாட்களுக்குத் தனித்தனியாக வைத்தால்தான் நகரும். அப்படிப் பிரித்தாலும் பழகிய பிறகு சேர்த்துவிடுங்கள். எவ்வளவு வலிக்கக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவை ஒன்றிடம் ஒன்றுதான் கற்கின்றன. தனிமைக் காலம் முடிந்த பிறகு, உங்கள் வீட்டில் மனிதர்களிடம் ஒட்டிக்கொள்ளும், தடுப்பூசி போட்ட ஒரு பெரிய பூனை இருந்தால், அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

கடித்தால், கீறினால்

கையை உதறிப் பிடுங்காதீர்கள், பல் கிழித்துவிடும். விட்டவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். தெருவில் பிறந்த, தடுப்பூசி வரலாறு தெரியாத பாலூட்டி எது கடித்தாலும் ரேபிஸ் தடுப்பூசி பற்றி மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். சின்னக் கடிதானே என்று விடக் கூடாது. பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்குவதால் ஒரே இரவில் சீழ் வைக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணல் பெட்டியைச் சுத்தம் செய்வது வேறொருவர் வேலையாக இருக்கட்டும்.

பின்னுக்குப் போகும் நாட்கள்

இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். மிளகு மடியில் படுத்துக் குறுகுறுக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே, ஆசைப்பட்டுக் கூடத்துக்குத் தூக்கிவந்தேன். சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. கையைக் கீறிவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டான். ஒன்றரை நாள் வரவில்லை. ராத்திரி முழுக்க இருட்டில் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, முதல் நாள் மாதிரியே சீறினான். பழையபடி விரலில் நக்க ஐந்து நாள் ஆயிற்று. பிழை என்னுடையது. அறைக்குள் என்னைப் பழகிக்கொண்டவன் வீட்டையும் பழகிவிட்டான் என்று நினைத்துவிட்டேன்.

அதனால், சறுக்கினால் வருத்தப்பட்டுக் கூடுதல் நேரம் கொஞ்ச முயலாதீர்கள். கடைசியாக எந்தச் சாணில் நிம்மதியாகச் சாப்பிட்டதோ அந்தச் சாணுக்குத் திரும்புங்கள். இரண்டாம் முறை ஏறுவது முதல் முறையைவிட வேகமாக நடக்கும். தும்மல், கண்ணில் பீளை, சோர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். நேற்று வரை வந்த குட்டி இன்று வரவில்லை என்றால் பல நேரம் அது பயமில்லை, உடம்பு சரியில்லை.

ஒரு நோட்டில் தினம் இரண்டு வரி எழுதி வையுங்கள். எத்தனை சாண், எத்தனை கிராம். ஒன்றுமே மாறவில்லை என்று தோன்றும் பத்தாம் நாளில் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் தெம்பு வரும்.

அறைக்கு வெளியே

உங்களைக் கண்டதும் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடிவருகிறது, தூக்கினால் அரை நிமிடம் நிம்மதியாக இருக்கிறது என்றால் கதவைத் திறக்கலாம். ஒரு நாளைக்கு ஓர் அறை. முதலில் அலமாரி இடுக்கு, சோபா அடி எல்லாவற்றையும் அட்டையால் அடையுங்கள், ஜன்னல்களை மூடுங்கள். சத்தங்களைத் தூரத்திலிருந்து பழக்குங்கள். மிக்ஸி இரண்டு அறை தள்ளி ஓடும்போது இங்கே ருசியான உணவு வரட்டும். எடுத்துச் செல்லும் கூடையை எப்போதும் திறந்தே வைத்து, அதற்குள்ளேயே சாப்பாடு போட்டு வந்தால், மருத்துவரிடம் போகும் நாளில் போராட்டம் இருக்காது.

அடுத்து, புது மனிதர்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருவரிடம் மட்டும் பழகிய குட்டி அந்த ஒருவரின் குட்டியாகவே நின்றுவிடும், ஆனால் அது போகப்போவது வேறு வீட்டுக்கு. நான்கைந்து பேராவது வந்து உட்கார்ந்து உணவு கொடுக்கட்டும். கனத்த குரல்காரர், கண்ணாடி போட்டவர், அடங்கி உட்காரத் தெரிந்த ஒரு பிள்ளை என்று பலவிதமாக. ஒவ்வொரு புதியவருக்கும் சாண் கணக்கு மறுபடி தொடங்கும், ஆனால் இந்த முறை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அனுப்பிவைக்கும் நாள்

எடை ஒரு கிலோவை எட்டும்போது, அதாவது 2 மாதத்துக்கு மேல், கருத்தடை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது முடிந்த பிறகு அனுப்புவது எல்லோருக்கும் நல்லது. இப்படிப்பட்ட குட்டிக்கு அமைதியான வீடு வேண்டும். ஜோடியாகவோ, ஏற்கெனவே நல்ல பூனை இருக்கும் வீட்டுக்கோ போனால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். எடுத்துக்கொள்ள வருபவரிடம் எதையும் மறைக்காதீர்கள். முதல் வாரம் இது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும், சீறக்கூடச் செய்யும், ஒரு சின்ன அறையில்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் அந்த வீடு வேண்டாம். "எத்தனை நாள் ஆனாலும் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவரிடம் கொடுங்கள்.

கூடவே மூன்று பொருளை அனுப்புங்கள். அது தூங்கிய துணியைத் துவைக்காமல் அப்படியே. அந்தப் பல் துலக்கும் பிரஷ். அப்புறம் உங்கள் நோட்டு. மிளகு போன வீட்டிலிருந்து நான்காம் நாள் ராத்திரி ஒரு படம் வந்தது. துணிமேல் படுத்திருந்தான். பக்கத்தில் தரையில் ஒரு கை, மேல்நோக்கி விரித்தபடி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.